ஊரிலிருந்து அப்பா அம்மா, கூடவே சின்னப் பிள்ளைகள்: அக்டோபரில் வைட் மவுன்டன்ஸில் எங்கே போகலாம்?

#1 வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். நாங்கள் பாஸ்டன் பக்கம் இருக்கிறோம். அவர்கள் ஊருக்குத் திரும்புவதற்குள் நியூ ஹாம்ப்ஷயர் மலையில் இலை நிறம் மாறுவதைக் காட்டிவிட வேண்டும் என்று ரொம்ப ஆசை. அக்டோபர் இரண்டாவது வாரம் கொலம்பஸ் நாளோடு சேர்ந்து வரும் நீண்ட விடுமுறையில் போகலாம் என்று யோசனை.

அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி உண்டு, ஆனால் சமதரையில் ஒரு மைல் தாராளமாக நடப்பார். அம்மா நன்றாக நடப்பார், படி இறங்கத்தான் பயம். பிள்ளைகள் இருவர், மூத்தவனுக்கு ஒன்பது, சின்னவளுக்கு நாலு. கூட இன்னொரு குடும்பமும் வருகிறது. அந்த நண்பர் ஃபிராங்கோனியா ரிட்ஜ் என்று ஒன்றைச் சொல்லி அதற்குப் போயே ஆக வேண்டும் என்கிறார்.

வரைபடத்தில் பார்த்தால் "வைட் மவுன்டன் நேஷனல் ஃபாரஸ்ட்" என்று பச்சையாகப் பெரிய பரப்பு இருக்கிறது. இதற்கு வாசல் எங்கே, டிக்கெட் எங்கே வாங்குவது, கழிப்பறை உண்டா, சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா, ஒன்றுமே பிடிபடவில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 செல்வி_நாஷுவா

தம்பி, முதலில் அந்த வாசல் விஷயம். வாசலே கிடையாது. நேஷனல் பார்க் மாதிரி ஒரு கூண்டில் ஆள் உட்கார்ந்து காசு வாங்குவது இங்கே இல்லை. நெடுஞ்சாலையில் போய்க்கொண்டே இருப்பீர்கள், ஓரத்தில் பழுப்புப் பலகை ஒன்று வரும், அவ்வளவுதான், காட்டுக்குள் வந்தாயிற்று. காசு சில நிறுத்தங்களில் மட்டும். ஒரு காருக்கு நாளுக்கு 5 டாலர். அங்கே இரும்புக் குழாய் ஒன்று நட்டிருப்பார்கள், பக்கத்தில் உறை இருக்கும், உறையில் பணத்தைப் போட்டு, கார் எண்ணை எழுதி, கிழிக்கும் துண்டைக் கிழித்துக் கண்ணாடிக்கு உள்ளே தெரிகிற மாதிரி வைத்துவிட்டு உறையைக் குழாய்க்குள் தள்ள வேண்டும். அன்றைக்கு அந்தத் துண்டு மற்ற கட்டண நிறுத்தங்களுக்கும் செல்லும், ஒவ்வொரு இடத்திலும் புதிதாகக் கட்ட வேண்டாம். மீதிச் சில்லறை கொடுக்க ஆள் இல்லை, அதனால் ஐந்து டாலர் தாளாக எடுத்துப் போங்கள். நேஷனல் பார்க்குக்கு வாங்குகிற ஆண்டு அட்டை உங்களிடம் இருந்தால் அதுவே போதும்.

உங்கள் கூட்டத்துக்கு நான் சொல்வது கேங்கமாகஸ் சாலை. இங்கே எல்லோரும் "கேங்க்" என்றுதான் சொல்வார்கள். லிங்கனிலிருந்து கான்வே வரை 34 மைலுக்குக் கொஞ்சம் மேல், கிட்டத்தட்ட 2,850 அடி வரை ஏறி இறங்குகிற மலைச்சாலை. வழியில் பெட்ரோல் பங்க் ஒன்றுகூடக் கிடையாது, கடையும் கிடையாது, பெரும்பாலான தூரம் போனில் சிக்னலும் இருக்காது. லிங்கனிலேயே டேங்க் நிரப்பி, வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பாஸ்டனிலிருந்து 93-ஆம் நெடுஞ்சாலையில் வந்து 32-ஆம் எக்சிட்டில் இறங்கினால் முதலில் வருவது லிங்கன் வுட்ஸ். அப்பாவுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. கார் நிறுத்தத்திலிருந்து சில படிகள் இறங்கினால் பெமிஜெவாஸெட் ஆற்றின் கிளை மேல் ஒரு தொங்கு பாலம். அதைத் தாண்டியதும் பாதை நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். ஒரு காலத்தில் மரம் ஏற்றிக்கொண்டு ரயில் ஓடிய தடம் அது, அதனால்தான் அவ்வளவு சமம். இன்றைக்கும் சில இடங்களில் பழைய ஸ்லீப்பர் கட்டைகள் மண்ணில் பாதி புதைந்து கிடக்கும், அப்பா கட்டைக்குக் கட்டை பார்த்துக் கால் வைக்கட்டும், மழை பெய்திருந்தால் வழுக்கும். ஒருபக்கம் ஆறு, இரண்டு பக்கமும் மஞ்சளும் சிவப்புமாக மரம். எங்கே களைப்பாக இருக்கிறதோ அங்கே திரும்பிவிடலாம், உச்சி என்று ஒன்று இல்லாததால் "இவ்வளவு தூரம் வந்துவிட்டு" என்ற நெருக்கடி யாருக்கும் வராது. மூன்று மைல் போனால் ஃபிராங்கோனியா அருவி, அது பெரியவனுக்கு வேண்டுமானால்.

அப்புறம் கணவாயைத் தாண்டியதும் காட்சிமுனைகள் வரும், காரை விட்டு இறங்கவே வேண்டாம். அதற்கு அப்பால் சபடே அருவி. மூன்றில் ஒரு பங்கு மைல்தான் நடை, அருவியின் அடிவாரம் வரை சரளை போட்ட நல்ல பாதை. அதற்கு மேலே படிக்கட்டும் மரக் கைப்பிடியும் இருக்கும். அம்மாவுக்குப் படி பயம் என்றால் கீழே நின்று பார்த்தாலே போதும், பாறை இடுக்கில் தண்ணீர் திரும்பித் திரும்பி விழுவது அங்கிருந்தே தெரியும். அங்கே குளிக்கக் கூடாது, பலகை போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டி ராக்கி கார்ஜ். ஸ்விஃப்ட் ஆறு பாறையைப் பிளந்து போகிற இடம், மேலே நடைபாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் மரங்களுக்கு நடுவே சின்னக் குளம். அங்கேயும் நீரில் இறங்கத் தடை. இன்னும் கீழே லோயர் ஃபால்ஸ், மேசைகள் போட்டிருக்கும், சாப்பாட்டுக்கு அங்கே உட்காரலாம். கடைசியாக 1858-இல் கட்டிய ஆல்பனி மூடுபாலம், மரக்கூரை வேய்ந்தது, அதைப் பார்த்தால் அப்பா அதன் கீழேயே நின்று கட்டுமானத்தை ஆராய்வார்.

கழிப்பறை எல்லா நிறுத்தத்திலும் இருக்காது, பெரிய இடங்களில் உண்டு. பெரும்பாலும் குழிக் கழிப்பறைதான், கை கழுவத் தண்ணீர் இராது. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், காரில் ஒரு கேன் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

#3 மலைமுகடு

அக்கா சொன்னதெல்லாம் நல்ல இடங்கள்தான், ஆனால் அதெல்லாம் கார் ஜன்னல் சுற்றுலா. உங்கள் நண்பர் சொல்வது சரி. ஃபிராங்கோனியா ரிட்ஜ் வட்டத்தை ஒருமுறை நடந்துவிட்டால் வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஃபாலிங் வாட்டர்ஸ் பாதையில் அருவி அருவியாக ஏறி, லிட்டில் ஹேஸ்டாக் உச்சியில் மரக்கோட்டை, அதாவது மரம் வளர்வது நின்றுபோகிற எல்லையை, விட்டு வெளியே வந்து, அங்கிருந்து லஃபாயெட் வரை ஒன்றே முக்கால் மைல் திறந்த முகடு, இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு. கிழக்கே பெமிஜெவாஸெட் வனாந்தரம் முழுக்க இலை நிறத்தில் விரிந்து கிடக்கும்.

மொத்தம் 9 மைலுக்குள்தான். உச்சி 5,249 அடி. நம் கொடைக்கானல் ஊரே 7,000 அடியில் இருக்கிறது, அதைவிடத் தாழ்வான மலைக்கு எதற்கு இவ்வளவு பயம்? ஒன்பது வயசுப் பையன் ஏறிவிடுவான். தாத்தா பாட்டியைச் சின்னவளோடு விடுதியில் விட்டுவிட்டு மற்றவர்கள் போய் வாருங்கள்.

#4 கொங்கு_நடையர்

கொடைக்கானல் கணக்கை இங்கே கொண்டு வராதீர்கள். இதைப் படிக்கிற புது ஆட்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர் ஆட்கள் பலரும் போடுகிற கணக்கு இதுதான். "ஆறாயிரம் அடிதானே, ஊட்டியே ஏழாயிரத்துக்கு மேல், தொட்டபெட்டா எட்டாயிரத்து அறுநூறு, அங்கே செருப்போடு சுற்றினோம்" என்பார்கள்.

ஊட்டி இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில். வைட் மவுன்டன்ஸ் இருப்பது 44 பாகையில். அங்கே எட்டாயிரம் அடியிலும் சோலைக்காடு நிற்கிறது. இங்கே நாலாயிரத்து ஐந்நூறு அடி வாக்கிலேயே மரம் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் இடுப்பளவுக்குக் குறுகி, காற்றடித்த பக்கம் சாய்ந்த புதர்கள், அதற்கும் மேலே வெறும் பாறையும் பாசியும். மரத்தாலேயே நிற்க முடியாத இடம் என்றால் காற்று எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பக்கத்திலேயே இருக்கிற மவுன்ட் வாஷிங்டன் 6,288 அடிதான். 1934 ஏப்ரல் 12 அன்று அதன் உச்சியில் மணிக்கு 231 மைல் வேகத்தில் காற்று பதிவானது. அந்த உச்சியில் பனி விழாத மாதம் என்று வருடத்தில் ஒன்றுகூடக் கிடையாது, ஜூலையிலும் ஆகஸ்டிலும் விழுந்திருக்கிறது. அந்த மலைத்தொடரில் இதுவரை இறந்தவர்கள் 150 பேருக்கு மேல். அதில் கோடையில் குளிரில் விறைத்துப் போனவர்களும் உண்டு.

அக்டோபர் நடுவில் கார் நிறுத்தத்தில் டி-ஷர்ட் போட்டு நிற்கிற மாதிரி வெயில் இருக்கும். மூவாயிரத்துச் சொச்சம் அடி ஏறி முகட்டுக்கு வரும்போது பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கும், அங்கே காற்று அடிக்கும்போது அந்த ஈரச் சட்டையே உடம்புச் சூட்டை உறிஞ்சி எடுத்துவிடும். பெரியவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள், சமாளித்துவிடுவார்கள். ஒன்பது வயதுப் பையன் களைத்து உட்கார்ந்தால்? முகட்டின் நடுவில் நின்றால் முன்னே போனாலும் பின்னே போனாலும் அதே காற்றுதான், சட்டென்று இறங்க வழி இல்லை. இருட்டுவதும் ஆறு மணி வாக்கில். காட்டுக்குள் அதற்கு முன்பே இருட்டிவிடும்.

காலில் அடிபட்டால் தூக்கிவர ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் நடந்துதான் வரவேண்டும். நியூ ஹாம்ப்ஷயர் மீன், வனவிலங்குத் துறைக்காரர்களும் தன்னார்வலர்களும் ராத்திரியெல்லாம் முறை மாற்றித் தூக்குவார்கள். போதிய தயாரிப்பு இல்லாமல் அலட்சியமாகப் போனதால் வந்த வினை என்று தெரிந்தால் மீட்புச் செலவை நம்மிடமே வசூலிக்க அந்த மாநிலச் சட்டத்தில் இடம் இருக்கிறது. "ஹைக்சேஃப்" என்று ஓர் அட்டை விற்கிறார்கள், தனி ஆளுக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35. அந்தப் பணம் மீட்பு நிதிக்குப் போகிறது, மலை ஏறுகிறோமோ இல்லையோ வாங்கிவிட வேண்டும் என்பேன்.

#5 மலைமுகடு

கொங்கு அண்ணா சொல்கிற காற்றும் குளிரும் உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் "போகாதே போகாதே" என்றே சொல்லிக்கொண்டிருந்தால் நம் பிள்ளைகள் மலை ஏறக் கற்பது எப்போது? இங்கே பள்ளிப் பிள்ளைகள் 48 உச்சிகளையும் ஏறி முடிக்கிறார்கள், நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உச்சிகள் நியூ ஹாம்ப்ஷயரில் 48, அந்தப் பட்டியலை முடிப்பது இங்கே பெரிய மரியாதை. சரி, ரிட்ஜ் வேண்டாம் என்றால் பையனை வேறு எங்கே தொடங்க வைப்பது, அதைச் சொல்லுங்கள்.

#6 கொங்கு_நடையர்

அப்படிக் கேளுங்கள். மவுன்ட் வில்லார்டு. போய்வர மூன்று மைலுக்குச் சற்று மேல், உச்சி 2,865 அடி, மரக்கோட்டுக்கு மிகவும் கீழே. கிராஃபோர்டு நாட்ச்சின் (நாட்ச் என்றால் மலைக்கணவாய்) தலைமாட்டில் பழைய ரயில் நிலையம் ஒன்று இருக்கிறது, அங்கிருந்து ஏறுகிறது. ஏற்றம் சீரானது. முடிவில் பாறைத் தட்டுக்கு வந்தால் ஒரு பெரிய பள்ளத்தாக்கு முழுக்கக் காலடியில் திறக்கும், சாலையில் போகிற லாரி தீப்பெட்டி அளவில் தெரியும். இவ்வளவு குறைந்த உழைப்புக்கு இவ்வளவு பெரிய காட்சி இந்த மலையில் வேறு எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. விளிம்பில் வேலி கிடையாது, அதை மட்டும் மறக்க வேண்டாம். நாலு வயசுப் பிள்ளையைக் கையிலிருந்து விடவே கூடாது.

கேங்க் பக்கமே வேண்டுமென்றால் போல்டர் லூப், மூடுபாலத்துக்கு எதிரேயே தொடங்குகிறது, மூன்று மைல் அளவு. மேலே பாறை முகப்பிலிருந்து ஸ்விஃப்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கு தெரியும்.

பெரியவர்களுக்கு ரிட்ஜ்தான் வேண்டும் என்றால் போகட்டும். மவுன்ட் வாஷிங்டன் வானிலை நிலையம் உயர் உச்சிகளுக்கென்றே தினமும் தனி அறிவிப்பு போடுகிறது, அதைப் படித்துவிட்டு, பருத்தி இல்லாத உடை, காற்று மழைக்கு மேலங்கி, தொப்பி, கையுறை, நெற்றி விளக்கு (போன் டார்ச் கணக்கில் வராது), காகித வரைபடம் எல்லாம் எடுத்துக்கொண்டு, மரக்கோட்டை எட்டும்போது ஒருமுறை நின்று மேகத்தையும் மணியையும் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் திரும்பிவிடுங்கள்.

#7 காட்டுநேசன்

நேஷனல் ஃபாரஸ்ட் என்றால் என்ன என்று யாரும் முழுதாகச் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன், இது எனக்குப் பிடித்த விஷயம்.

நேஷனல் பார்க்குகள் உள்துறையின் கீழ் வருகின்றன. நேஷனல் ஃபாரஸ்ட்டுகள் விவசாயத் துறையின் கீழ் இருக்கிற ஃபாரஸ்ட் சர்வீஸ் கையில். அதனால் இரண்டுக்கும் குணமே வேறு. இங்கே அளவோடு மரம் வெட்டுவார்கள், வேட்டைக்கு அனுமதி உண்டு, நாயைக் கூட்டிப்போகலாம், காட்டின் பல பகுதிகளில் கூடாரம் போட்டுக் காசில்லாமல் தங்கலாம். அக்டோபர், நவம்பரில் வேட்டைக்காலம் நடக்கும், ஆகவே பாதையில் இறங்குகிறவர்கள் எல்லோரும், முக்கியமாகப் பிள்ளைகள், பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது ஒன்று போட்டுக்கொள்வது நல்லது. இன்னொன்று, இந்த மலையில் நாம் பார்க்கிற எல்லாமே நேஷனல் ஃபாரஸ்ட் இல்லை. ஃப்ளூம் கார்ஜ் என்கிற பாறைப் பிளவு இருக்கிற ஃபிராங்கோனியா நாட்ச், கிராஃபோர்டு நாட்ச், மவுன்ட் வாஷிங்டன் உச்சி, இவை மாநிலப் பூங்காக்கள். அங்கே உங்கள் 5 டாலர் துண்டு செல்லாது. ஃப்ளூமுக்குத் தனி நுழைவுக் கட்டணம், விடுமுறை நாளில் முன்பதிவு செய்யாமல் போனால் ஏமாற்றம்தான்.

இந்தக் காடு எப்படி வந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நூற்றிச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் இந்த மலைகள் மொட்டை. மர நிறுவனங்கள் ரயில் தடம் போட்டுக் கணவாய் கணவாயாக வெட்டித் தள்ளின. வெட்டிப் போட்ட கிளையும் சருகும் காய்ந்து கிடக்க, ரயில் எஞ்சினின் பொறி பட்டே தீ பிடிக்கும். 1903-இல் பெரும் பரப்பு எரிந்தது. மலையில் மண் நிற்காமல் போனதால் கீழே மெர்ரிமாக் ஆற்றை நம்பி இருந்த ஆலைகளுக்கும் அடி, ஒரு பருவத்தில் வெள்ளம், மறு பருவத்தில் வறட்சி. அதற்குப் பிறகுதான் 1911-இல் வீக்ஸ் சட்டம் வந்தது. கொண்டுவந்த ஜான் வீக்ஸ் இந்த மலையடிவாரத்து லான்காஸ்டரில் பிறந்தவர், மாசசூசெட்ஸிலிருந்து காங்கிரசுக்குப் போனவர். தனியாரிடமிருந்து நிலத்தை அரசு விலை கொடுத்து வாங்கிக் காடாக்க வழி செய்தது அந்தச் சட்டம். 1918-இல் வைட் மவுன்டன் நேஷனல் ஃபாரஸ்ட் முறையாக அமைந்தது, இன்றைக்கு ஏறக்குறைய 8 லட்சம் ஏக்கர், ஒரு பகுதி மெய்ன் மாநிலத்திலும் இருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஸீலண்ட் பள்ளத்தாக்குக்குப் போங்கள். வெட்டியும் எரிந்தும் சாம்பல் மேடாகக் கிடந்த இடம் அது. இன்று அதே ரயில் தடத்தில்தான் நடைபாதை, முக்கால்வாசி சமம். மரத்தைக் கடித்துச் சாய்க்கிற பீவர் என்ற நீர்விலங்குகள் அணை கட்டித் தேக்கிய நீரின் மேல் பலகைப் பாலங்கள் போகும். குனிந்து பார்த்தால் பீவர் கடித்த அடிமரங்கள் பென்சில் சீவிய மாதிரி கூம்பாக நிற்கும், பற்தடம் வரிவரியாகத் தெரியும், பக்கத்தில் மரத்தூள் குவிந்திருக்கும். என் பெண் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள், கிளப்ப முடியவில்லை. 2.8 மைலில் ஸீலண்ட் அருவிக் குடில், கடைசிச் சின்ன ஏற்றம் மட்டும் செங்குத்து. அப்பலாச்சியன் மவுன்டன் கிளப் நடத்துகிற எட்டுக் குடில்களில் ஒன்று.

#8 மொன்றியல்_தம்பி

நாங்கள் மொன்றியலில் இருந்து வாறனாங்கள், எங்களுக்கு ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். ஒரு விசயம் ஒருத்தரும் சொல்லேல்லை. கொலம்பஸ் விடுமுறைக்கு கேங்க் வழிய போறது எண்டால் காரிலேயே பொழுது போயிடும். லிங்கனிலயும் கான்வேயிலயும் வரிசை நகராது. கனடாவிலயும் அதே திங்கள்தான் நன்றி நவிலல் நாள், எங்கட சனமும் முழுக்க அங்கதான் வரும். ஏலுமெண்டால் அதுக்கு முதல் கிழமை, வார நாளில போங்கோ. செப்டெம்பர் கடைசியில உயரத்தில நிறம் வந்திடும், பிறகு கீழ இறங்கி வரும், ஒக்டோபர் பத்து அளவில பள்ளத்தாக்கெல்லாம் வடிவா இருக்கும்.

சனம் இல்லாத இடம் வேணுமெண்டால் எவன்ஸ் நாட்ச். மெய்ன் எல்லையை ஒட்டி 113-ஆம் வீதி, ஒடுக்கமானது, குளிர்காலத்தில மூடிப்போடுவினம். அதே காடுதான், அதே மேப்பிள்தான், ஆனால் கார் நிப்பாட்ட இடம் தேடி அலையத் தேவையில்லை. வாகனத்தைக் கரையில விட்டிட்டு அம்மா அப்பாவை ஆத்தங்கரையில கதிரை போட்டு இருத்தலாம். எங்கட அம்மாவுக்கு இதுவரை கூட்டிக்கொண்டு போன இடங்களிலேயே இதுதான் பிடிச்சது.

கூடாரம் அடிக்கிற ஆக்களுக்கு: வெளி மாநில விறகு, வெளிநாட்டு விறகு கொண்டுபோகக் கூடாது. மரத்தைத் துளைக்கிற பூச்சி அதோட பரவுது எண்டு நியூ ஹாம்ப்ஷயரில 2011-இல இருந்து தடை. அங்கேயே வாங்குங்கோ. கரடி உண்டு, கருங்கரடி. சாப்பாடு, சமைச்ச சட்டி, பற்பசை எல்லாம் காருக்குள்ள பூட்டி வைக்கவேணும், கூடாரத்துக்குள்ள ஒண்டும் வேண்டாம். கறிக்குழம்பு வாசம் கனதூரம் போகும்.

#9 வைகைக்கரை

எல்லோருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு விரிவாகச் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மொன்றியல் தம்பி சொன்னபடி ஒரு வாரம் முன்னதாக, வியாழன் வெள்ளி விடுப்பு எடுத்துப் போகிறோம். நண்பரும் சரி என்றுவிட்டார்.

இன்னும் இரண்டு கேள்வி. அம்மா மவுன்ட் வாஷிங்டன் உச்சிக்குப் போக வேண்டும் என்கிறார், நடக்காமல் போக முடியுமா? அப்புறம், பையன் லோயர் ஃபால்ஸில் தண்ணீரில் இறங்கலாமா?

#10 செல்வி_நாஷுவா

நடக்காமல் போக இரண்டு வழி உண்டு. கிழக்குப் பக்கம் ஆட்டோ ரோடு, அதாவது உச்சி வரை கார் போகிற சாலை, 1861-இல் திறந்தது, 7.6 மைல், ஓரத்தில் பெரும்பாலும் தடுப்பே கிடையாது. மலைச்சாலை ஓட்டிப் பழகாதவர்கள் சொந்தக் காரில் போகாமல் அவர்களுடைய வேனில் ஏறிக்கொள்வது நல்லது. இறங்கும்போது கீழ் கியரில் வர வேண்டும், பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறி மணம் வரும். மேற்குப் பக்கம் பல்சக்கர ரயில், 1869-இலிருந்து ஓடுகிறது. மேட்டுப்பாளையம் ரயில் ஏறியவர்களுக்கு அந்தப் பல் தண்டவாளத்தைப் பார்த்ததும் புரிந்துவிடும். இரண்டுமே தனியார், காட்டு அட்டை எதுவும் அங்கே செல்லாது, கட்டணமும் அதிகம். மேகம் மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது, முந்தின நாள் வானிலை பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். அம்மாவுக்கு ஸ்வெட்டர் போதாது, குளிர்கால அங்கியே எடுத்து வையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்வேன். அக்டோபரில் வேண்டாம், தண்ணீர் ஐஸ். கோடையிலும் லோயர் ஃபால்ஸில் மேல்பக்கப் பாறைகளில் பச்சைப் பாசி படிந்திருக்கும், மழைக்கு மறுநாள் பார்க்க அமைதியாகவே இருக்கும், ஆனால் பாறைக்கு அடியில் இழுவை. நீந்தத் தெரிந்தவர்களே அதில் மாட்டியிருக்கிறார்கள். கரையில் உட்கார்ந்து கூழாங்கல் பொறுக்கட்டும்.

#11 கொங்கு_நடையர்

ரயிலுக்குப் போகிற வழியில் பிரெட்டன் வுட்ஸில் சிவப்புக் கூரை போட்ட பெரிய வெள்ளை ஹோட்டல் தெரியும், அப்பாவிடம் மறக்காமல் காட்டுங்கள். 1944 ஜூலையில் உலக வங்கிக்கும் ஐ.எம்.எஃப்.புக்கும் அடித்தளம் போட்ட மாநாடு அங்கேதான் நடந்தது. இந்தியக் குழுவில் நம் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் வந்திருந்தார், பிறகு சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனவர்.

#12 தாமிரபரணி_மகள்

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம், பரவாயில்லை. கோடையில் லோயர் ஃபால்ஸ் பக்கம் போனபோது மேசைக்கு அடியில் அலுமினியத் தாளில் பாதிச் சப்பாத்தி, தயிர்சாத டப்பா, நம் ஊர் மிக்சர் பாக்கெட், எல்லாம் கிடந்தது. நம் ஆட்கள் மட்டுமா போடுகிறார்கள் என்றால் இல்லை, பீர் கேனும் கிடந்தது, பிட்சா அட்டையும் கிடந்தது. ஆனால் மிக்சர் பாக்கெட்டில் தமிழ் எழுத்து இருந்தது, என் பையன் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

பெரும்பாலான இடங்களில் குப்பைத் தொட்டியே கிடையாது. வேண்டுமென்றேதான் வைக்கவில்லை, தொட்டி நிரம்பினால் கரடி வரும். நாம் கொண்டுபோனதை நாமே திருப்பிக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். வாழைப்பழத் தோல் மக்கிவிடும் என்று எறியாதீர்கள், இந்தக் குளிரில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். தட்டை ஆற்றில் கழுவாதீர்கள். ஸ்பீக்கரில் பாட்டு வேண்டாம், எல்லோருமே ஆற்றுச் சத்தத்தைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வருகிறார்கள்.

#13 மலைமுகடு

இதில் முழுக்க உடன்படுகிறேன். ஆனால் "நம் ஆட்கள்" என்று பொதுவாகச் சொல்லும்போது முதல் தடவை வருகிறவர்களுக்கு யாருமே விதியைச் சொல்லித் தரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஊரில் அருவிக்குப் போனால் தொட்டி இருக்கும், கூட்டிப் பெருக்க ஆள் இருப்பார். இங்கே அப்படி இல்லை என்று பலகையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் தாத்தா பாட்டிக்கு எப்படித் தெரியும்? கூட்டிப் போகிறவர்கள் காரிலேயே சொல்லிவிட வேண்டும்.

#14 தாமிரபரணி_மகள்

சரி, அது நியாயம். நான் இனி எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பயணங்களில் பஸ் கிளம்பும்போதே சொல்லி, ஆளுக்கொரு பை கொடுத்துவிடுகிறேன்.

#15 காட்டுநேசன்

குப்பை மட்டுமில்லை, கால் வைக்கிற இடமும் முக்கியம். மரக்கோட்டுக்கு மேலே போகிறவர்கள் பாறையில் மட்டும் மிதியுங்கள், புல் மாதிரி தெரிகிற திட்டுகளில் வேண்டாம். அங்கே ராபின்ஸ் சின்க்ஃபாயில் என்று ஒரு செடி, நாணய அளவுக்குத் தரையோடு படர்ந்து மஞ்சள் பூ பூக்கும், உலகத்திலேயே இந்த மலைகளில் மட்டும்தான் இருக்கிறது. நடப்பவர்கள் கால் பட்டே அழிகிற நிலைக்கு வந்தது. 1819-இல் வெட்டிய பழைய கிராஃபோர்டு பாதை அது வளர்கிற திட்டுக்கு ஊடேயே போனது. பாதையை அப்பால் நகர்த்தினார்கள், சுவர் கட்டினார்கள், நாற்று வளர்த்து நட்டார்கள். 2002-இல் அழிவு ஆபத்துப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பாதையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, மனிதர்கள் அதில் மட்டுமே நடந்ததால் பிழைத்த செடி. இதைக் கேட்டதிலிருந்து முகட்டில் யாராவது படம் எடுக்கப் பாதையை விட்டு இறங்கினால் நான் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

#16 வைகைக்கரை

திட்டம் இப்படி: வியாழன் காலை ஏழுக்கெல்லாம் லிங்கன் வுட்ஸ், அப்பா நடக்கிறவரை நடை. பிறகு சபடே, ராக்கி கார்ஜ், மூடுபாலம். கான்வே பக்கம் இரவு தங்கல். வெள்ளி காலை வானம் தெளிவாக இருந்தால் அம்மாவுக்கு உச்சி, இல்லாவிட்டால் எவன்ஸ் நாட்ச். மத்தியானம் பையனும் நானும் நண்பரும் மவுன்ட் வில்லார்டு. ரிட்ஜை நண்பர் அடுத்த ஜூலைக்குத் தள்ளிவிட்டார். புளியோதரையும் தயிர்சாதமும் அம்மா கட்டிக் கொடுப்பார், காலி டப்பாவுக்குத் தனிப் பை எடுத்தாயிற்று. ஹைக்சேஃப் அட்டை குடும்பத்துக்கு வாங்கிவிட்டேன்.

ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?

#17 செல்வி_நாஷுவா

மாலையில் திரும்பும்போது மூஸ் என்கிற பெரிய மான் வகையைக் கவனியுங்கள். இருட்டில் சாலைக்குக் குறுக்கே நிற்கும், உயரமான கறுத்த உடம்பு என்பதால் விளக்கு வெளிச்சத்தில் கால் மட்டும்தான் தெரியும், கண் மின்னாது. சாதாரண மான் மாதிரி நினைத்து ஓட்டினால் அதன் உடம்பு நேராகக் கண்ணாடிக்கு வரும். வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள், பின்னால் வருகிறவர் ஹார்ன் அடித்தாலும் கவலைப்படாதீர்கள், ஒதுங்கி வழி விடுங்கள்.

வெள்ளிக்கிழமை இரண்டையும் சேர்ப்பது முடியும், ஆனால் உச்சியிலிருந்து இறங்கி கிராஃபோர்டு நாட்ச் வரும்போது இரண்டு மணியைத் தாண்டியிருந்தால் வில்லார்டை விட்டுவிடுங்கள். மூன்று மைல்தான் என்றாலும் பையனோடு இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும், நெற்றி விளக்கு ஆளுக்கு ஒன்று.

#18 மொன்றியல்_தம்பி

அம்மாவுக்கு மடிக்கிற கதிரை ஒண்டு காரில போடுங்கோ. எவன்ஸ் நாட்ச்சில தேவைப்படும்.